சமாதானம் செய்து வைப்பவர் நீதிபதி அல்லர்

 



நம் பகுதியில் ஜும்ஆ முடிந்து சுன்னத்தும் தொழுத பிறகு, பள்ளிவாசல் வராண்டாவில் சிலர் வீட்டுக்குப் போகாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதற்குள் பட்டா நகல், பழைய பத்திரம், சில நேரம் ஒரு நிகாஹ் பதிவுச் சான்று இருக்கும். முத்தவல்லியோ செயலாளரோ வெளியே வரட்டும் என்று காத்திருப்பார்கள். அண்ணன் தம்பிக்குள் கிணற்றுப் பங்கு, பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு, சீட்டுப் பணம், மகளுக்குப் போட்ட நகை, மருமகன் வீட்டில் நடந்த பேச்சு. நைனார்பாளையத்திலும் சின்னசேலத்திலும் கள்ளக்குறிச்சியிலும் ஜமாஅத்துக்கு வரும் விஷயங்கள் பெரும்பாலும் இவைதான்.

இப்படி வருகிறவர்களுக்கு எதிரில் பாய் விரித்து உட்காருகிறோமே, அந்த இடத்தில் நாம் யாராக உட்காருகிறோம்? தீர்ப்புச் சொல்கிற காளியாகவா, இருவரையும் சேர்த்து வைக்கிற ஆளாகவா? இன்றைய உரை இந்த ஒரு கேள்வியைப் பற்றியது. இதில் தெளிவு இல்லாததால்தான் நம் பஞ்சாயத்துகளில் பல, சண்டையைத் தீர்ப்பதற்குப் பதிலாக இன்னொரு சண்டையை உண்டாக்கி அனுப்புகின்றன.

சமாதானம் செய்து வைப்பதன் சிறப்பை நான் நீட்டிப் பேசப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸூரத்துந் நிஸாவின் 114-ஆவது ஆயத்தில், மனிதர்கள் பேசும் இரகசியப் பேச்சுகளில் பெரும்பாலானவற்றில் நன்மை இல்லை என்று சொல்லும் அல்லாஹு தஆலா, அதிலிருந்து விலக்குத் தரும் மூன்றில் ஒன்றாக மக்களிடையே இணக்கம் செய்வதையும் சேர்க்கிறான். (உபரியான) நோன்பு, தொழுகை, தர்மம் ஆகியவற்றைவிட மேலான அந்தஸ்து உறவுகளைச் சீராக்குவதற்கு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூதர்தா (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்: 4919). குபாவில் பனூ அம்ர் இப்னு அவ்ஃப் கூட்டத்தாருக்குள் தகராறு என்று கேள்விப்பட்டு, அதைத் தீர்க்க நாயகம் (ஸல்) அவர்களே நேரில் சென்றார்கள். திரும்பி வருவதற்குள் தொழுகை நேரம் வந்துவிட, மதீனாவில் அபூபக்ர் (ரலி) அவர்கள் இமாமத் செய்யத் தொடங்கிவிட்டார்கள் (புகாரி: 2690). தகராறு உள்ளவர்களை மதீனாவுக்கு அழைத்து வரச் சொல்லவில்லை, தாமே நடந்து போனார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பரீரா (ரலி) அவர்களுடைய சம்பவத்துக்கு வருகிறேன். என் பார்வையில் ஜமாஅத் நிர்வாகத்தில் உட்காரும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஹதீஸ் இது (புகாரி: 5283).

பரீரா அடிமையாக இருந்தவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவரை வாங்கி உரிமை விட்டார்கள். அவருடைய கணவர் முஃகீஸ் இன்னும் அடிமையாகவே இருந்தார். உரிமை கிடைத்த பெண், அடிமையாக உள்ள கணவரோடு தொடர்ந்து வாழலாம், பிரிந்தும் போகலாம். ஷரீஅத் அவளுக்குக் கொடுத்த தேர்வு அது. பரீரா பிரிவைத் தேர்ந்தெடுத்தார். முஃகீஸால் அதைத் தாங்க முடியவில்லை. மதீனாவின் தெருக்களில் அவர் பின்னால் அழுதுகொண்டே நடக்கிறார், கண்ணீர் தாடியில் வழிகிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், இன்றும் அவரைக் கண்முன் பார்ப்பது போல் இருக்கிறது என்று நினைவுகூர்கிறார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் மனம் இரங்கி பரீராவிடம் பேசினார்கள். நீ அவரிடம் திரும்பிப் போகக் கூடாதா என்று கேட்டார்கள். பரீரா கேட்ட பதில் கேள்வியைக் கவனியுங்கள்: அல்லாஹ்வின் தூதரே, இது எனக்குக் கட்டளையா? இல்லை, நான் பரிந்துரைதான் செய்கிறேன் என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். பேச்சு அங்கேயே முடிந்தது.

யார் பேசியது? அல்லாஹ்வின் தூதர். கட்டளையிட்டால் கீழ்ப்படிவது ஈமானின் கடமையாகிவிடும் அளவுக்கு அதிகாரம் உள்ளவர்கள். யாரிடம் பேசினார்கள்? நேற்று வரை அடிமையாக இருந்த, பின்னால் ஆள்பலம் இல்லாத ஒரு பெண்ணிடம். அந்தப் பெண் மறுத்தார், மறுத்த பிறகும் அவர் மீது ஒரு கோபச் சொல் இல்லை. பரீரா (ரலி) அதன் பிறகும் அதே வீட்டுக்கு வந்துபோய்க் கொண்டுதான் இருந்தார்கள்.

நம் ஊரில் ஒரு பெண், ‘இது உத்தரவா ஹஜ்ரத், இல்ல யோசனையா?’ என்று ஜமாஅத்தில் கேட்டுவிட முடியுமா? கேட்டால் என்ன சொல்வோம்? ‘பெரியவங்க பேச்சுக்கு மரியாதை இல்லை’ என்போம். அடுத்த வீட்டு நிகாஹுக்கு தஃப்தர் வராது, கபரஸ்தானில் இடம் கிடையாது என்று மிரட்டிய ஊர்களும் உண்டு. அப்படிப் பெறுகிற கையெழுத்துக்கு ஸுல்ஹ் என்று பெயர் வைக்க முடியாது. ஸுல்ஹ் என்பது ஓர் ஒப்பந்தம். இரு தரப்பின் ஈஜாபும் கபூலும் அதற்கு வேண்டும் என்று மதரஸாவில் ஃபிக்ஹ் கிதாபுகளில் ஓதுகிறோம். வியாபாரத்தில் மிரட்டி வாங்கிய கபூல் கூடாது என்றால் இங்கு மட்டும் எப்படிக் கூடும்?

அடுத்து, விவசாயிகளான உங்களுக்கு நெருக்கமான ஒரு சம்பவம். மதீனாவின் கரும்பாறை நிலமான ஹர்ராவிலிருந்து வரும் வாய்க்கால் நீரில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் தகராறு. ஸுபைருடைய தோட்டம் மேட்டில், அன்ஸாரியுடையது பள்ளத்தில். தண்ணீரை நிறுத்தாமல் விடு என்கிறார் அன்ஸாரி. நபியவர்கள் முதலில் ஒரு யோசனை சொன்னார்கள்: ஸுபைரே, நீங்கள் பாய்ச்சிக்கொண்டு பக்கத்துக்காரருக்கு விட்டுவிடுங்கள். இது ஸுபைரின் முழு உரிமை அல்ல, அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னது. ஆனால் அன்ஸாரி கோபப்பட்டு, அவர் உங்கள் மாமி மகன் என்பதால்தானே இப்படி என்று கேட்டுவிட்டார். அல்லாஹ்வின் தூதருடைய முகம் மாறிவிட்டது. அதன் பிறகு ஸுபைருக்குரிய முழு உரிமையைக் கொடுத்தார்கள்: வரப்பு வரை நீர் ஏறும் மட்டும் நிறுத்திப் பாய்ச்சிக்கொள்ளலாம் (புகாரி: 2708).

இமாம் புகாரி (ரஹ்) இந்த ஹதீஸை ஸுல்ஹ் பாடத்தில் வைத்து, சமாதானத்துக்கு வழி சொல்லியும் ஒருவர் மறுத்தால் தெளிவான சட்டப்படி தீர்ப்பளிப்பது என்ற பொருளில் தலைப்பிட்டிருக்கிறார்கள். அதாவது இரண்டும் வேறு வேறு படிகள். முதல் படியில் விட்டுக்கொடுத்தல், இரண்டாவது படியில் உரிமை. நபியவர்கள் இரண்டுக்கும் உரியவர்கள், ஏனென்றால் அவர்களே நீதிபதியும் ஆட்சியாளரும். நமக்கு முதல் படி மட்டும்தான். இரண்டாவது படிக்கு நாட்டில் நீதிமன்றம் இருக்கிறது. முதல் படியில் ஒருவர் ஒத்துவரவில்லை என்றால், ‘சரி, உங்கள் உரிமையை நீங்கள் நீதிமன்றத்தில் தேடிக்கொள்ளுங்கள்’ என்று ஸலாம் சொல்லி அனுப்புவதே நம் வேலை. கோர்ட்டுக்குப் போனவரை ஊர் துரோகி போலப் பார்ப்பது எங்கிருந்து வந்த பழக்கமோ தெரியவில்லை.

கடன் விஷயத்தில் இன்னொரு ஹதீஸ். கஅப் இப்னு மாலிக் (ரலி), இப்னு அபீ ஹத்ரத் (ரலி) என்பவரிடம் தமக்கு வர வேண்டிய கடனைப் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டு, இருவர் குரலும் உயர்ந்துவிட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் அறைத் திரையை விலக்கி, கஅபை அழைத்து, பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கையால் சைகை காட்டினார்கள். செய்துவிட்டேன் என்றார் கஅப். உடனே மற்றவரைப் பார்த்து, எழுந்து மீதியைக் கொடுங்கள் என்றார்கள் (புகாரி: 2710). விட்டுக்கொடுத்தவருக்கு மீதிப் பணம் அப்போதே கைக்கு வந்தாக வேண்டும். நம் பஞ்சாயத்தில் பாதியைத் தள்ளச் சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்காக அந்த மனிதர் இரண்டு வருடம் நடக்கிறார்!

சகோதரர்களே, இதையெல்லாம் பழைய காலத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று தமிழ்நாடு சமரச தீர்வு மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்து இந்தியாவில் இயங்கத் தொடங்கிய இத்தகைய மையங்களில் அதுவே முதன்மையானது. இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. அங்கு என்ன நடக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுப் பாருங்கள். பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் ஒருவர் இரு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் குறுக்கிடாமல் பேச விடுகிறார். பிறகு தனித்தனியாகச் சந்திக்கிறார். தனியே சொன்னதைச் சொன்னவரின் அனுமதி இல்லாமல் மறு தரப்பிடம் சொல்வதில்லை. யார் சரி, யார் தவறு என்று அவர் சொல்வதே இல்லை. உடன்பாடு வந்தால் எழுதிக் கையெழுத்திட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். வராவிட்டால், ‘உடன்பாடு ஏற்படவில்லை’ என்று மட்டும் தெரிவிக்கிறார். யார் பிடிவாதம் பிடித்தார் என்றுகூட நீதிபதிக்கு எழுதுவதில்லை. எங்கும் கட்டளை கிடையாது, பரிந்துரை மட்டும்தான். பரீரா (ரலி) அவர்களிடம் நபியவர்கள் நின்ற இடமும் அதுவே.

தனியாகப் பேசுவதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஊர் பெயர் வேண்டாம், எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர். ஒரே கிணறு, பாதிப் பாதிப் பங்கு, ஒரே மோட்டார். மும்முனை மின்சாரம் பகலில் வரும் வாரம் யாருக்கு, இரவில் வரும் வாரம் யாருக்கு என்று தொடங்கிய பேச்சு, மோட்டார் காயில் கட்டிய செலவில் முற்றி, தம்பி தனியாக போர் போட ஏற்பாடு செய்யும் வரை போய்விட்டது. மூன்று தடவை எல்லோருக்கும் முன்னால் உட்கார வைத்தபோது மூன்று தடவையும் மோட்டாரைப் பற்றியே பேசினார்கள். நான்காவது முறை அண்ணனை மட்டும் அஸருக்குப் பிறகு தனியாகப் பார்த்தபோதுதான், ‘அத்தா மௌத்தானப்ப அவன் சவூதியிலேர்ந்து வரலைங்க ஹஜ்ரத். மையித்த நான் ஒருத்தன்தான் எறக்குனேன்’ என்றார். தம்பியைத் தனியே கேட்டால், கஃபீல் பாஸ்போர்ட்டைத் தரவில்லை, அந்த ஒரு வாரம் அறையில் சாப்பிடாமல் கிடந்தேன், இதை அண்ணன் ஒரு நாளும் கேட்கவில்லை என்கிறார். இருவர் அனுமதியோடும் அதை ஒருவருக்கு ஒருவர் சொல்ல வைத்தோம். முறைப் பங்கை அதன் பிறகு அவர்களே மணிக்கணக்கு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள், எனக்கு அந்தக் கணக்கு இன்றும் சரியாகப் புரியாது. கிணற்றில் யாருக்கு எவ்வளவு என்று நீதிமன்றம் சொல்லியிருக்கும். அந்தக் கபரைப் பற்றி எந்த நீதிமன்றமும் விசாரித்திருக்காது.

உமர் (ரலி) அவர்கள் தம் ஆளுநர்களுக்கு, வழக்காடுகிறவர்கள் தாங்களே சமாதானம் ஆகும்படித் திருப்பி அனுப்புங்கள், தீர்ப்பு என்பது மனங்களில் பகையை விதைக்கிறது என்ற கருத்தில் அறிவுறுத்தியதாக அறிவிப்பு உண்டு. நீதியில் அவர்களைவிடக் கண்டிப்பான ஒருவரைச் சொல்ல முடியாது. தீர்ப்பின் அவசியத்தையும் அதன் குறையையும் அறிந்தே சொன்னார்கள்.

தனியாகக் கேட்டதை வெளியே விடாமல் இருப்பதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். உம்மு குல்ஸூம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், மக்களிடையே இணக்கம் செய்ய நல்லதை எடுத்துச் சொல்கிறவர், நல்லதைக் கூட்டிச் சொல்கிறவர் பொய்யர் ஆகமாட்டார் என்று வருகிறது (புகாரி: 2692). சமாதானத்துக்குப் போகிறவர் இங்கிருந்து அங்கே நல்ல பேச்சை மட்டும் சுமந்து போக வேண்டும், கெட்டதை விழுங்கிவிட வேண்டும். நம் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர் அடுத்த அரை மணி நேரத்தில் டீக்கடையில் நிற்கிறார், ‘அந்தப் பொண்ணு என்ன சொன்னிச்சு தெரியுமா’ என்று ஆரம்பிக்கிறார். பாபர் மஸ்ஜித் நில வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச் 8 அன்று ஒரு சமரசக் குழுவை அமைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். காரைக்குடியைச் சேர்ந்த நீதியரசர் கலீஃபுல்லா அதன் தலைவர். சென்னையின் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவும், பாபநாசத்தில் பிறந்த ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கரும் உறுப்பினர்கள். நாடே காதைத் தீட்டிக்கொண்டிருந்த அந்தப் பேச்சுவார்த்தையை முழு இரகசியமாக நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. முடிவில் முழு இணக்கம் ஏற்படவில்லை, தீர்ப்புதான் வந்தது. அது வேறு விஷயம். அவ்வளவு பெரிய வழக்குக்கே இரகசியம் தேவைப்பட்டது என்றால், ஒரு ஏழைப் பெண்ணின் குடும்ப விஷயத்துக்குத் தேவையில்லையா?

இனி நம் ஜமாஅத்துகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய சட்டப் பக்கம். 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தாருல் கஸா போன்ற அமைப்புகளின் ஃபத்வாக்களுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் பலம் இல்லை, ஒருவர் விரும்பினால் ஏற்கலாம், விரும்பாதவர் மீது திணிக்க முடியாது என்று சொன்னது. 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அண்ணா சாலைப் பள்ளிவாசலில் இயங்கிவந்த ஷரீஅத் கவுன்சில் பற்றிய பொதுநல வழக்கில், வழிபாட்டுத் தலங்களை நீதிமன்றம் போல நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. 2023-இல் அதே உயர் நீதிமன்றம், ஒரு தனியார் அமைப்பின் ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா சான்றிதழ் செல்லாது என்றும், குலா கோரும் பெண் குடும்ப நல நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்புகள் வந்தபோது நம்மில் சிலர், மார்க்கத்தில் கை வைக்கிறார்கள் என்று கொதித்தார்கள். குலா பற்றிய தீர்ப்பில் உலமாக்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம், அதைச் சட்டப்படி மேல் நீதிமன்றத்தில் பேசலாம். ஆனால் ஜமாஅத்தின் லெட்டர் பேடில் முத்திரை குத்தி ஒரு நிகாஹை முடித்துவைக்கும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது என்பதை நம் கிதாபுகளிடமே கேட்போம். நிஸா அத்தியாயத்தின் 35-ஆவது ஆயத்தில், கணவன் மனைவிக்குள் பிளவு ஏற்படும் என்று அஞ்சினால் அவன் தரப்பிலிருந்து ஒரு ஹகம், அவள் தரப்பிலிருந்து ஒரு ஹகம் அனுப்பும்படி அல்லாஹ் சொல்கிறான். அந்த இரண்டு ஹகம்களும் தாங்களாகவே பிரித்து வைக்கலாமா? மாலிகி மத்ஹபில் அவர்களுக்குத் தீர்ப்பாளருடைய அந்தஸ்து உண்டு. நம் ஹனஃபி மத்ஹபிலோ, ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்திலோ அவர்கள் வக்கீல்கள் மட்டுமே, தங்களை அனுப்பியவர் ஒப்படைக்காத எதையும் அவர்கள் செய்ய முடியாது.

அலீ (ரலி) அவர்களிடம் ஒரு தம்பதி ஆளுக்கொரு கூட்டத்தோடு வந்த சம்பவத்தை தஃப்ஸீர்களில் காண்கிறோம். இரு ஹகம்களையும் நியமித்து அவர்கள் பொறுப்பை விளக்கியபோது, எனக்குச் சாதகமானாலும் பாதகமானாலும் அல்லாஹ்வின் வேதத்தை ஏற்கிறேன் என்றார் அந்தப் பெண். கணவனோ, பிரிவினைக்கு மட்டும் நான் ஒப்பமாட்டேன் என்றான். அவளைப் போல நீயும் ஒப்புக்கொள்ளும் வரை இங்கிருந்து போக முடியாது என்றார்கள் அலீ (ரலி). ஹகம்களுக்கே பிரிக்கும் அதிகாரம் இருந்தால் அவனுடைய ஒப்புதலை ஏன் கேட்க வேண்டும் என்பது ஹனஃபி உலமாக்களின் வாதம். ஆகவே பள்ளிவாசல் நீதிமன்றம் ஆகக் கூடாது என்று நீதிபதிகள் சொன்னபோது, நம் மத்ஹப் ஏற்கனவே வரைந்த கோட்டுக்கு அருகில்தான் வந்து நின்றார்கள். பேசி இணக்கம் செய்வதை யாரும் தடுக்கவில்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டமே, இணக்கத்துக்கு முதலில் முயல வேண்டும் என்று நீதிபதியைப் பணிக்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட மத்தியஸ்தச் சட்டத்தில், ஓர் ஊர் மக்களின் அமைதியைக் கெடுக்கக்கூடிய பிணக்குகளை இரு தரப்பின் முன்சம்மதத்தோடு மூவர் குழு பேசித் தீர்க்க சமூக மத்தியஸ்தம் என்று ஓர் அத்தியாயமே எழுதப்பட்டிருக்கிறது. அதிலும் அந்த உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்ற முடியாது என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

எதையெல்லாம் பாயில் வைத்துப் பேசக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது கசப்பான பகுதி.

ஒரு கிராமவாசி நபியவர்களிடம் வந்தார். அவருடைய மகன் ஒருவரிடம் கூலிக்கு இருந்தபோது முதலாளியின் மனைவியோடு விபச்சாரம் செய்துவிட்டான். அதற்கு ஈடாக நூறு ஆடுகளும் ஓர் அடிமைப் பெண்ணும் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டதாகச் சொன்னார். அந்த ஆடுகளும் அடிமைப் பெண்ணும் உமக்கே திருப்பித் தரப்படும் என்று நபியவர்கள் அந்தச் சமாதானத்தையே ரத்து செய்தார்கள் (புகாரி: 2695). ஹலாலை ஹராமாக்கும், ஹராமை ஹலாலாக்கும் ஸுல்ஹ் செல்லாது என்பது திர்மிதியில் வரும் நபிமொழியின் கருத்து. ஒரு குழந்தையின் மீது கை வைத்தவனை, ‘ஊர் மானம் போயிடும்’ என்று பணம் வாங்கிக் கொடுத்துச் சேர்த்துவைப்பது எந்த ஸுல்ஹ்? 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். அப்படி ஒரு விஷயம் காதுக்கு வந்தால் பாயை விரிக்காதீர்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள். மனைவியை எலும்பு முறிய அடித்தவனிடம் ‘இனிமே அடிக்க மாட்டேன்’ என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி, அவளை அவனோடு பஸ் ஏற்றி அனுப்புவதும் அந்த ரகம்தான்.

இன்னொன்று, நம் வீடுகளில் அமைதியாக நடப்பது. அத்தா மௌத்தாகிவிட்டார், அண்ணன்கள் நிலத்தைப் பிரிக்கிறார்கள். லாத்தாவையும் தங்கச்சியையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ‘சீர் செஞ்சாச்சே, நகை போட்டாச்சே.’ சில நேரம் ஜமாஅத் பெரியவர் ஒருவரும் சாட்சிக்குப் போகிறார். ஒரு வாரிசு தன் பங்குக்கு ஈடாக ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டு மனம் ஒப்பி விலகுவதற்கு ஃபிக்ஹில் தகாருஜ் என்று பெயர், அது ஆகுமானது. ஆனால் மனம் ஒப்பி என்பதுதான் அதன் உயிர். தாய்வீட்டு வாசல் அடைத்துவிடும் என்ற பயத்தில் போடும் கையெழுத்து தகாருஜ் ஆகாது.

உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு வாரிசுச் சொத்தில் சாட்சி எதுவும் இல்லாத இரண்டு பேர் வழக்கோடு வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள், நானும் மனிதன்தான், உங்களில் ஒருவர் வாதத் திறமையால் வென்றுவிடலாம், அடுத்தவர் உரிமையை அப்படி நான் உங்களுக்குக் கொடுத்துவிட்டால் அது நெருப்புத் துண்டு, எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். இருவரும் அழுதுவிட்டார்கள். என் பங்கு உனக்கே என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அப்போதும் நபியவர்கள் அழுகையோடு அனுப்பிவிடவில்லை. பங்கிடுங்கள், சரியானதைத் தேடுங்கள், சீட்டுக் குலுக்குங்கள், பிறகு ஒருவரையொருவர் ஹலால் ஆக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள் (அபூதாவூத்: 3584). உணர்ச்சியில் விட்டுக்கொடுத்தது மறுநாள் மாறிவிடலாம், அளந்து பங்கிட்டது நிற்கும்.

இப்போது காரியத்துக்கு வருவோம். நீங்கள் ஜமாஅத் நிர்வாகியாக இருந்தால், ஒரு தரப்புக்கு நீங்கள் சம்பந்தி, பங்காளி, வியாபாரக் கூட்டாளி என்றால் முதலிலேயே எழுந்து விலகிக்கொள்ளுங்கள். அன்ஸாரியின் வாயில் அந்தச் சந்தேகம் நபியவர்களைப் பற்றியே வந்தது என்றால், நம்மைப் பற்றி வராதா? பேச்சுக்கு முன் டெபாசிட் என்று பணம் வாங்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். வெற்றுத் தாளில், வெற்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்காதீர்கள். மாற்று மத சகோதரர் ஒருவர் நம் ஆள் மீது புகார் சொல்லி வந்தால், அவர் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். மக்காச்சோளம் வாங்கிய பாக்கியோ, ஆடு மேய்ந்த நஷ்டமோ, நம்மவன் கொடுக்க வேண்டியது என்றால் நம்மவனிடமே வாங்கிக் கொடுங்கள்.

நீங்கள் வழக்கோடு நிற்பவராக இருந்தால், ஏற்கனவே நீதிமன்றத்தில் இருக்கிறதே, இனி எப்படிப் பேசுவது என்று நினைக்காதீர்கள். நிலுவை வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பும்படிக் கேட்கலாம். அங்கு ஒப்புக்கொண்டு முடித்தால் கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும், அதன் மீது அப்பீல் கிடையாது, அதனால் புரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். நீதிமன்றத்துக்கு வெளியே நீங்களே பேசி முடித்துக்கொண்டாலும் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று, நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100. நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகத்தைக் கேட்டால் காட்டுவார்கள்.

உரிமையை விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மையையும், அடுத்தவர் உரிமையைத் தொடாத அச்சத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

ஓர் அறிவிப்பு. பேச வேண்டிய விஷயம் உள்ளவர்கள் ஜும்ஆ கூட்டத்தில் காத்திருக்க வேண்டாம், வார நாளில் மஃரிபுக்குப் பிறகு வாருங்கள். பத்திரம், பட்டா நகல், வழக்கு எண் இருந்தால் கொண்டுவாருங்கள். பெண்கள் தங்கள் சார்பில் ஆண் ஒருவரை அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் உள்ள என் வீட்டுக்கே வரலாம், என் மனைவியும் உடன் இருப்பார். வஸ்ஸலாமு அலைக்கும்.